மரத்துக்கு மீசை முளைத்த கதை

சென்ட் பெட்டியில் "மரவாசம்" என்று போட்டிருந்தால் போதும், அந்த ஆம்பிளை வந்துவிடுவார். வயது முப்பதைத் தாண்டியிருக்கும். அதிகம் கதைக்க மாட்டார், கதைத்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். பொறுப்பானவர், நிதானமானவர், தன்னம்பிக்கை உள்ளவர், தலைமை தாங்கப் பிறந்தவர். சட்டைக் கை முழங்கை வரை மடித்திருக்கும். கையில் பெரிய மணிக்கூடு. பின்னால் மழை, இல்லாட்டில் பாலைவனம், இல்லாட்டில் இருட்டுக்குள் ஒரு கார். சீடர் மரமும் சந்தனமும் வெட்டிவேரும் இவருக்குத்தான் "பொருந்துமாம்". சிரிச்சுக் கதைக்கிற பெடியனுக்கு எலுமிச்சை. காதலிக்கிற பெடியனுக்கு வனிலா. பெட்டையளுக்கு வழக்கம்போலப் பூவும் பழமும்.

விளம்பரம்தானே, விட்டுட்டுப் போங்கோ என்று சொல்லலாம். விட்டுட்டுப் போக ஏலாமல் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஆம்பிளை விளம்பரத்துக்குள்ளேயே நிற்கவில்லை, எங்கட விடுதி அறைகளுக்குள் வந்து கட்டிலில் இருந்துவிட்டார். மகாபொலக் காசில் மிச்சம் பிடித்து, அது காணாமல் கனடாவில் இருந்து வருகிற சித்தப்பாவிடமும் சொல்லிவைத்துப் போத்தல் எடுப்பிக்கிற பெடியள் "இது நல்லா மணக்குமோ?" என்று கேட்பதில்லை. "இது என்ர பேர்சனாலிட்டிக்குச் சரிவருமோ?" என்றுதான் கேட்கிறார்கள். ரோசா அத்தர் பூசிக்கொண்டு விரிவுரைக்கு வந்த ஒருவனுக்கு மூன்று வருசமாக ஒரு பட்டப்பெயர் இருக்கிறது, அதை இங்கே எழுத மாட்டோம். சீடர் மணம் பிடித்த எங்கட தோழி ஒருத்தியிடம் "அண்ணேன்ர சென்டைக் களவெடுத்தனியோ?" என்று கேட்காத ஆள் மிச்சமில்லை. ஒரு போத்தல் திரவத்துக்கு இவ்வளவு அதிகாரம் எங்கே இருந்து வந்தது என்று தேடினோம். முதலில் சிரிப்பு வந்தது. சில இடங்களுக்குப் போனபிறகு வரவில்லை.

முதலில் சிரிப்பு வந்த இடம். இந்த வர்ணனைகளை வரிசையாக வாசித்தால் எங்கட ஊர்ச் சாத்திரியார்தான் ஞாபகத்துக்கு வருவார். "பிள்ளை வெளியில கடுமையாத் தெரிஞ்சாலும் உள்ளுக்குள்ள இளகின மனம்." "பொறுமைசாலி, ஆனால் ஒரு எல்லை தாண்டினால் விடமாட்டார்." இது பொருந்தாத பிள்ளை யார்? சென்ட் எழுத்துக்காரர்களும் இதையேதான் செய்கிறார்கள். அமைதியானவர் ஆனால் உறுதியானவர், நவீனமானவர் ஆனால் மரபை மதிப்பவர், எளிமையானவர் ஆனால் கூட்டத்தில் தனித்துத் தெரிபவர். "ஆனால்" என்ற சொல்லைப் பறித்துவிட்டால் இவர்களால் ஒரு போத்தலும் விற்க ஏலாது. சாத்திரியாராவது பிறந்த நேரம் கேட்பார்.

அவர்களுக்கும் ஒரு கஷ்டம் இருக்கிறதுதான். திரையில் படம் காட்டலாம், பாட்டுப் போடலாம், மணம் காட்ட ஏலாது. ஆகவே மணத்துக்குப் பதிலாக ஒரு ஆளைக் காட்டுகிறார்கள். 2010இல் ஷனெல் நிறுவனம் "ப்ளூ" என்ற மர வகை ஆண் வாசனையை வெளியிட்டபோது அதற்கு விளம்பரப் படம் எடுத்தவர் மார்ட்டின் ஸ்கோர்செசி. உலகத்தின் பெரிய இயக்குநர்களில் ஒருவர், ஒரு நிமிசப் படம். அந்தப் படத்தை நூறு தரம் பார்த்தாலும் போத்தலுக்குள் இருப்பது புளிப்பா கசப்பா என்று தெரியவராது. ஒரு இளைஞன் எப்படி நிற்கிறான், எப்படித் திரும்பிப் பார்க்கிறான் என்று மட்டும் தெரியும். வாங்குகிறவன் வாங்குவது அந்தத் திரும்பிப் பார்த்தலைத்தான்.

சரி, மரவாசத்துக்கு நிதானம், உறுதி, கடைசிவரை நிற்கிற குணம் என்றெல்லாம் ஏன் ஒட்டினார்கள்? கலைப்பீடத்தில் இருந்துகொண்டு இரசாயனம் கதைக்கிறோம், விஞ்ஞானபீட நண்பர்கள் மன்னிக்க வேண்டும். சென்ட் பூசியவுடன் எலுமிச்சை, தோடை மணங்கள்தான் முதலில் மூக்கில் ஏறும், கொஞ்ச நேரத்தில் பறந்துவிடும். எலுமிச்சைத் தோலின் முக்கிய மணப்பொருளான லிமோனீனின் மூலக்கூற்று எடை 136. சந்தனத்தின் சந்தலோலுக்கு 220. பாரம் குறைந்தது கெதியாக ஆவியாகும். பாரம் கூடினது தோலில் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்காக, சட்டையில் என்றால் அடுத்த நாள்வரைக்கும் கிடக்கும். அதனால்தான் மரம், பிசின், கஸ்தூரி வகைகளைக் கலவையின் அடித்தளம் என்று சொல்கிறார்கள். இவ்வளவுதான் விசயம். மரவாசத்தின் "நிலைத்து நிற்கிற ஆளுமை" அதன் எடையில் இருந்து வருகிறது. எலுமிச்சைக்கு ஒழுக்கம் குறைவில்லை, பாரம்தான் குறைவு.

இன்னொரு வேடிக்கை, மரவாசம் என்று சொல்லப்படுவதில் கனக்க மரமே இல்லை. வெட்டிவேர் ஒரு புல். அதன் வேரில் இருந்து எடுக்கிற எண்ணெயை மரக் குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். "வெட்டிவேர்" என்ற எங்கட தமிழ்ச் சொல்தான் பிரெஞ்சு வழியாக உலகம் முழுக்க "வெட்டிவர்" ஆகியிருக்கிறது. சிங்களத்தில் சவந்தரா. இன்று உலகச் சந்தைக்கு அதைக் கிண்டி அனுப்புகிறவர்களில் முக்கியமானவர்கள் ஹெயிட்டி நாட்டின் ஏழை விவசாயிகள். பச்சோலி ஒரு செடியின் இலை, அதுவும் மரக் கூட்டத்தில்தான் நிற்கிறது. "வேர்ஜீனியா சீடர்" என்று போத்தலில் எழுதுவது உண்மையில் சீடரே இல்லை, யூனிப்பர் இனத்து மரம். பென்சில் செய்தது அதில்தான். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்குப் படிக்கேக்குள்ள பென்சில் சீவினபோது வருகிற மணம் ஞாபகம் இருக்கோ? கனபேர் "முதிர்ந்த ஆணின் கம்பீரம்" என்று காசு குடுத்து வாங்குவது ஏறக்குறைய அதுதான். பத்து வயதில் நாங்கள் எல்லாரும், பெண்பிள்ளைகளும் சேர்ந்து, கம்பீரமாகத்தான் இருந்திருக்கிறோம்.

அதுக்கு மேலே ஆய்வுகூடச் சரக்குகள். ஐசோ ஈ சுப்பர் என்று ஒரு செயற்கை மூலக்கூறு இருக்கிறது, 1970களில் ஒரு அமெரிக்க வாசனை நிறுவனம் உருவாக்கியது. காய்ந்த, மெல்லிய, பட்டுத்துணி மாதிரியான மரமணம். சிலருக்கு அது மணக்கவே மணக்காது. 2006இல் இரண்டு போத்தல்கள் வந்தன. ஒன்று ஹெர்மேஸின் "தெர் தெர்மேஸ்". இந்த மூலக்கூறு அதில் தாராளமாக இருக்கிறது, ஆண்களுக்கானது, மண்ணில் கால் ஊன்றி நிற்கிற மனிதன் என்கிற தோரணையோடு வந்தது. மற்றது "மொலிக்யூல் 01". அதிலே வாசனைப் பொருளென்று இருப்பது ஐசோ ஈ சுப்பர் மட்டும்தான், ஆண் பெண் என்று எதுவும் பெட்டியில் போடவில்லை. ஒரே ஆண்டு, ஒரே மூலக்கூறு. ஒரு பெட்டியில் அதுக்கு மீசை முளைத்திருந்தது, மற்றப் பெட்டியில் முளைக்கவில்லை.

மீசை எப்போது முளைத்தது என்பதுதான் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி. 1926இல் ஷனெல் வெளியிட்ட "புவா தெஸீல்" சந்தனத்தைச் சுற்றிக் கட்டப்பட்ட வாசனை, செய்தவர் ஏர்னெஸ்ட் போ. பெயருக்குத் "தீவுகளின் மரங்கள்" என்று பொருள். (எந்தத் தீவு என்று தீவுக்காரராகிய நாங்கள் கேட்கலாம். ஐரோப்பியருக்கு அந்தக் காலத்தில் தூரத்தில் இருக்கிற, மரம் வெட்டிக்கொண்டு வரக்கூடிய எல்லாமே "தீவுகள்"தான்.) அது பெண்களுக்கு விற்கப்பட்டது. எட்டு வருசம் கழித்து, 1934இல், கரோன் என்ற பிரெஞ்சு நிறுவனம் ஆண்களுக்கென்று ஒரு வாசனையை வெளியிட்டது. "ஒரு ஆணுக்காக" என்றே பெயர். உள்ளே என்ன? லவெண்டர் பூவும் வனிலாவும். அதாவது அன்றைக்குப் பாரிஸில் மரம் பெண்ணுக்கு, பூ ஆணுக்கு. எங்கட அப்பாமார், மாமாமார் சவரம் எடுத்த பிறகு கன்னத்தில் தட்டின ஓல்ட் ஸ்பைஸ் 1937இல் அமெரிக்காவில் முதலில் பெண்களுக்காக வந்தது, ஆண்களுக்கானது அடுத்த வருசம்தான். 1989இல் கெர்லென் சந்தனத்தைக் கொட்டிச் செய்த "சம்சாரா" பெண்களுக்கு. 1990இல் ஷனெல் அதே சந்தனத்தை வைத்துச் செய்த "எகோயிஸ்ட்" ஆண்களுக்கு. 1992இல் ஷிசெய்தோ நிறுவனம் சீடர் மரத்தை நடுவில் வைத்துப் பெண்களுக்கு ஒன்று செய்து, "மரத்தின் பெண்மை" என்று பொருள்படப் பிரெஞ்சில் பெயர் வைத்தது. வாசனை ஆர்வலர்கள் இன்றைக்கும் அதைப் பற்றிப் பெருமூச்சு விடுவார்கள்.

ஆகவே "மரம் இயல்பாகவே ஆம்பிளை மணம்" என்று யாராவது சொன்னால், எந்த ஆண்டில் இருந்து என்று கேளுங்கோ. 1980களில் மைக்கல் எட்வேர்ட்ஸ் வாசனைகளை வகைப்படுத்தி வட்டம் கீறினபோது பூ, மரம் என்றெல்லாம் குடும்பங்கள் பிரித்தார். மரக் குடும்பத்துக்குள் பெண்களின் போத்தலும் இருக்கிறது, ஆண்களின் போத்தலும் இருக்கிறது.

பாரிசை விடுவோம். எங்கட பக்கம் என்ன கதை? பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து இறங்குகிற சரக்குகளில் மேற்கு மலைச் சந்தனமும் அகிலும் இருக்கின்றன. அந்த அகில் புகையில் கூந்தல் உலர்த்துகிற பெண்கள் பழந்தமிழ் இலக்கியத்தில் திரும்பத் திரும்ப வருகிறார்கள். மார்பில் சந்தனம் பூசின ஆண்களும் வருகிறார்கள். இன்றைக்கு "ஊத்" என்ற பெயரில் கறுப்புப் போத்தலில், தங்க எழுத்தில், "அதிகாரம் மிக்க ஆணுக்கு" என்று விற்கப்படுகிறதே, அது இந்த அகில் குடும்பத்து மணம்தான். இரண்டாயிரம் வருசத்துக்கு முன்னம் தமிழ்ப் பெண் தலை காயவைத்ததை இன்றைக்கு எங்கட பெடியன் "ஆல்ஃபா" என்று பூசிக்கொண்டு திரிகிறான். நாங்கள் எதிர்க்கவில்லை, வடிவாகப் பூசட்டும். ஆனால் ஆல்ஃபா கதையை விடச் சொல்லுங்கோ. கலியாண வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்போடும் சந்தனக் கும்பாவோடும் நிற்கிறவர்கள் வருகிற ஆக்களின் ஆளுமையைக் கேட்டுக்கொண்டா சந்தனம் தருகிறார்கள்? சாமிக்கும் அதே சந்தனம், செத்தவருக்கும் அதே சந்தனம்.

(வாசல் சந்தனம் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கிடைத்தது என்று சொல்ல வரவில்லை. யார் வாசல்வரை வரலாம் என்பதற்கு எங்கட ஊரில் வேறு விதிகள் இருந்தன. இருக்கின்றன.)

இந்த "உறுதியான ஆண்" என்ற உருவகத்தை மரத்தின்மேல் ஏற்றுகிறவர்கள் மரத்தைப் பற்றி ஒரு பக்கமாவது வாசித்திருக்கலாம். சந்தன மரம் ஒரு அரை ஒட்டுண்ணி. அதன் வேர் பக்கத்து மரத்தின் வேரைப் பிடித்துத் தண்ணீரும் சத்தும் உறிஞ்சித்தான் வளரும், துணை இல்லாமல் தனியே நட்டால் வாடிப்போகும். தன் காலில் நிற்கிற, யாரையும் நம்பாத ஆணுக்குச் சந்தனம் பொருத்தம் என்றால் மரத்துக்கே சிரிப்பு வரும். அகில் இன்னும் மோசம். ஆரோக்கியமான மரத்தில் அந்த மணம் இல்லவே இல்லை. மரம் காயப்பட்டு, பூஞ்சணம் தொற்றி, அதைத் தடுக்க மரம் தன் உள்ளே பிசினைச் சுரந்தால்தான் அந்தக் கறுத்த, மணக்கிற கட்டை உண்டாகும். வெல்ல முடியாத ஆண்மை என்று விற்பது ஒரு நோயாளி மரத்தின் எதிர்ப்புச் சக்தியை.

இங்கேதான் எங்களுக்குச் சிரிப்பு நின்றது.

1792இல் திப்பு சுல்தான் மைசூரில் சந்தனத்தை அரச மரம் என்று அறிவித்தார். யாருடைய நிலத்தில் வளர்ந்தாலும் அது அரசுக்குச் சொந்தம். பிறகு வந்த அரசுகளும் அந்தப் பிடியை இலகுவில் விடவில்லை. மரம் அரசின் சொத்தானால் அதைச் சுற்றி வாழ்கிற சனம் சந்தேக நபர்கள் ஆகிவிடும். தமிழ்நாட்டில் தருமபுரி மாவட்டத்தில் வாச்சாத்தி என்று ஒரு மலைவாழ் மக்களின் கிராமம். 1992 யூன் 20ஆம் திகதி, கடத்தின சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, பொலிஸ், வருவாய்த்துறை ஆட்கள் அந்த ஊருக்குள் இறங்கினார்கள். வீடுகளை உடைத்தார்கள், ஊரையே அள்ளிக்கொண்டு போய் அடைத்தார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். 2011இல் நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்ப்புச் சொன்ன அதிகாரிகளின் எண்ணிக்கை 269. அதில் 54 பேர் அதற்கு முன்னமே செத்துப்போயிருந்தார்கள், வழக்கு அவ்வளவு இழுபட்டது. 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. சந்தனத்துக்கும் ஆண்மைக்கும் ஒரு தொடர்பு உண்டு என்று யாராவது அடம்பிடித்தால், எங்களுக்குத் தெரிந்த தொடர்பு இதுதான்.

எங்கட நாட்டில் வல்லப்பட்டை. சிங்கராஜப் பக்கத்து ஈரவலயக் காடுகளில், காலி, களுத்துறை, இரத்தினபுரி மாவட்டங்களில் வளர்கிற மரம். அதன் பட்டையில் முன்னம் கயிறு திரித்தார்கள். 2012 அளவில் அதிலும் அகில் மாதிரி மணக்கிற பிசின் இருக்கிறது என்ற கதை பரவியது. அதோடு மரத்துக்குச் சனி பிடித்தது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் பயணப் பைக்குள் வல்லப்பட்டைத் துண்டுகளோடு பிடிபட்டவர்கள் பற்றிய செய்தி அடிக்கடி வரும். சுங்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுப்பார்கள். அதே விமான நிலையத்தில், கொஞ்சத் தூரம் தள்ளி, தீர்வை இல்லாத கடையில் சென்ட் போத்தல்கள் கண்ணாடித் தட்டில் வெளிச்சம் போட்டு அடுக்கியிருக்கும். அங்கே பை கொண்டுபோகிறவரை யாரும் மறிப்பதில்லை.

இப்போது எங்களுக்குக் கிட்டவான ஒரு விசயம். உண்மையிலேயே மரவாசம் அடிக்கிற ஆம்பிளை யார்? மரக்காலையில் வேலை செய்கிறவர். தச்சுப் பட்டறையில் நிற்கிறவர். முதிரை அரிந்தால் ஒரு மணம், பாலைக்கு ஒரு மணம், வேம்பு அரிந்தால் தொண்டை கசக்கும். அந்த மணம் அவருடைய சாரத்தில், தலைமயிரில், காது மடலுக்குள் இருக்கும். எட்டு மணித்தியாலம் என்ன, ஆயுளுக்கும் நிற்கும். எந்த விளம்பரத்திலாவது அவரைக் கண்டிருக்கிறீர்களா? அவர் கலியாண வீட்டுக்குப் போவதென்றால் சவர்க்காரம் போட்டு அந்த மணத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் போவார். குளிரூட்டின அறையில் இருக்கிற ஒருவர் காசு குடுத்து அதைப் பூசிக்கொண்டு அதே கலியாண வீட்டுக்கு வருவார். முதலாமவரின் மணத்துக்குப் பெயர் ஊத்தை, இரண்டாமவரின் மணத்துக்குப் பெயர் ஆளுமை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களில் முதலாம் தொகுதியில் சேர்த்தது. அதிலும் மூக்குக்கு உள்ளே வருகிற புற்றுநோய். மரத்தை நேரடியாக மணந்தவரின் மூக்குக்குத்தான் அந்தக் கணக்கு.

"பொருத்தமான ஆளுமை" என்று இவர்கள் எழுதுவதை வகுப்பு என்று மாற்றி வாசித்துப் பாருங்கோ, உடனே விளங்கும். அலுவலகக் கூட்டம், இரவு விருந்து, முக்கிய சந்திப்பு. இவர்களின் ஆம்பிளை போகிற இடங்கள் இவைதான். மீன்வாடிக்குப் போக மாட்டார், பாளை சீவ மாட்டார், வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணி மாற மாட்டார். "நாற்றம்" என்ற சொல் பழைய தமிழில் நல்ல மணத்தையும் குறித்தது, பூவும் நாறும், சந்தனமும் நாறும். பிறகு அந்தச் சொல் கீழே தள்ளப்பட்டுக் கெட்ட மணத்துக்கு மட்டும் ஆகிவிட்டது. சொல் மட்டும் தள்ளப்படவில்லை. யார் நாறுகிறார், யார் மணக்கிறார் என்று சொல்லிச் சொல்லியே எங்கட சமூகம் ஆக்களைத் தள்ளி இருத்தியது. "பேர்சனாலிட்டி" என்ற புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவதும் அந்தப் பழைய மூக்குத்தான்.

இன்னொன்று, அந்த ஆம்பிளையின் மௌனம். அதிகம் கதைக்காதவர், உணர்ச்சியை வெளியில் காட்டாதவர், எதையும் தாங்குபவர் என்று அழகாகச் சொல்கிறார்கள். நாங்கள் யுத்தம் முடிகிற காலத்தில் குழந்தைகளாக இருந்தவர்கள். கதைக்காத ஆம்பிளைகளோடு ஒரே வீட்டில் வளர்ந்தோம். முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு மணிக்கணக்காக இருப்பார்கள். கேட்டால் "ஒண்டுமில்லை" என்பார்கள். இரவில் அலறி எழும்பினால் அம்மாதான் "கனவு, படு" என்பா. அந்த மௌனம் எந்தப் பெண்ணையும் கவரவில்லை. அது வீட்டில் இருந்த எல்லாரையும் மெல்ல மெல்லத் தின்றது, அவர்களையும் தின்றது. அதையே ஒருவன் கவர்ச்சி என்று போத்தலில் அடைத்து, அதுவும் பத்தொன்பது வயதுப் பெடியனுக்கு, "நீயும் இப்படி இரு" என்று விற்கும்போது எங்களுக்கு ஆத்திரம் வருகிறது. சரியான ஆத்திரம் வருகிறது. எங்கட பெடியளுக்கு இன்னும் கொஞ்சம் மௌனம் காணாது என்று யார் சொன்னது?

"அப்ப சென்ட் போடவேண்டாம் எண்டுறியளோ? எல்லாத்துக்கும் அரசியல் கதைச்சா எப்படி வாழுறது?" என்று கேட்பீர்கள். போடுங்கோ. நாங்களும் போடுகிறோம். விடுதியில் தண்ணி நிற்கிற நாளில் அது தேவையும்கூட. வாசனை ஒரு பாட்டு மாதிரி, அதை அனுபவிக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். நாங்கள் சொல்வது, பாட்டை விமர்சிக்கிற மாதிரி அதையும் விமர்சியுங்கோ என்றுதான். எப்படித் தொடங்குது, நடுவில் எங்கே தொய்யுது, முடிவு எப்படி, அளவுக்கு மிஞ்சி இனிக்குதோ. "இது யாருக்குப் பொருந்தும்" என்று முடிக்கிற விமர்சனத்தில் வாசனையைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை. ஒரு நாவலுக்கு "உயரமான ஆண்கள் வாசிக்க உகந்தது" என்று விமர்சனம் எழுதினால் ஆசிரியர் குழு எங்களைத் துரத்தியிருக்கும்.

வாங்கப்போனால் காகிதத் துண்டில் மணந்துவிட்டுக் காசு குடுக்காதேங்கோ. மணிக்கட்டில் ஒரு துளி போட்டு வெளியே வெயிலில் ஒரு சுற்றுப் போய்வாருங்கோ. எலுமிச்சை எல்லாம் பறந்து, இரண்டு மணித்தியாலம் கழித்து மிஞ்சுவதுதான் நீங்கள் உண்மையில் வாங்குவது. குளிர்நாட்டுக்காரருக்குக் கம்பளிச் சட்டைக்கு மேலே அடிக்கச் செய்த பாரமான மரக் கலவை யாழ்ப்பாணத்து ஏப்ரல் வெயிலில் பஸ்ஸுக்குள் பக்கத்து சீட்டுக்காரருக்குத் தலையிடி. அதுக்கு ஆளுமை காரணமில்லை, வெப்பநிலைதான் காரணம். மனித மூக்கில் மணம் வாங்குகிற வகைகள் ஏறக்குறைய 400 இருக்கின்றன, அவை ஆளுக்காள் வித்தியாசம். ஆகவே மற்றவனுக்குக் கம்பீரமாக மணப்பது உங்களுக்குப் பென்சிலாகவே மணக்கலாம், ஒன்றுமே மணக்காமலும் விடலாம். ரோசா பிடித்தால் ரோசா பூசுங்கோ. பட்டப்பெயர் வைக்கிறவனுக்கு 1934ஆம் ஆண்டைப் பற்றிச் சொல்லுங்கோ.

காசு இல்லாட்டில் மருந்துச் சரக்குக் கடைக்குப் போய் வெட்டிவேர் ஒரு பிடி கேளுங்கோ. கொஞ்சம் ஈரமாக்கி மணந்து பாருங்கோ. மழை விழுந்த மண், புகை, பச்சைத் தேசிக்காயின் கசப்பு, மூன்றும் ஒன்றாக இருக்கும். 1959இல் கெர்லென் நிறுவனம் "வெட்டிவர்" என்றே பெயர் வைத்து ஆண்களுக்காகப் போத்தலில் அடைத்தது இந்த வேரைத்தான். கடையில் உங்களுக்கு முன்னால் ஒரு ஆச்சி நின்றால் கொஞ்சம் பொறுங்கோ. அவவும் அதையே வாங்கத்தான் வந்திருப்பா, தலைக்கு எண்ணெய் காய்ச்ச.